இடுப்பில் லைசன்ஸ் துப்பாக்கி, பின்னால் போலீஸ் விளக்கு: டெக்சாஸில் என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இது: டெக்சாஸில் இருக்கிறீர்கள். கிரீன் கார்டு வந்த பிறகு முறையாக வகுப்புக்குப் போய்க் கைத்துப்பாக்கி லைசன்ஸ் எடுத்தீர்கள். இப்போது காரில் போகும்போது இடுப்பில் வைத்துக்கொள்கிறீர்கள். வேகத்துக்காகவோ எரியாத பின்விளக்குக்காகவோ போலீஸ் நிறுத்தினால், துப்பாக்கி இருப்பதை நீங்களாகவே சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? ஒரு நண்பர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் நேர்மாறாகச் சொல்கிறார். கடைசி வரியில், நம் நிறத்தைப் பார்த்து வேறு மாதிரி நடந்துகொள்வார்களோ என்று மனைவி கவலைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி என்ன கடமை என்பதற்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்தச் சில நிமிடங்களில் யாரும் பயந்துபோகாமல் எப்படிப் பத்திரமாக வீடு வந்து சேர்வது என்பதைத்தான். அதற்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது.

நான் டெக்சாஸில் பல வருடங்களாகக் கைத்துப்பாக்கி லைசன்ஸ் வகுப்பு எடுக்கிறவன். வக்கீல் இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டிய சட்டப் பகுதிகள் எனக்கு நன்றாகத் தெரியும், என் வகுப்புகளில் வந்து உட்கார்ந்த போலீஸ்காரர்களிடம் அவர்கள் பக்கத்துப் பயத்தையும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் மேல் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் என் பேச்சைக் கேட்காதீர்கள், வக்கீலைப் பாருங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. டெக்சாஸ் அரசுச் சட்டத் தொகுப்பின் 411.205 பிரிவுப்படி, லைசன்ஸ் உள்ளவர் கைத்துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் அதிகாரி அடையாள அட்டை கேட்டால், டிரைவிங் லைசன்ஸையும் துப்பாக்கி லைசன்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கவனியுங்கள், கடமை தொடங்குவது அவர் அட்டை கேட்கும்போதுதான். ஜன்னல் பக்கம் வந்தவுடன் நீங்கள் வாய் திறந்து அறிவிக்க வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. காட்டாமல் விட்டால் இருந்த தண்டனையையும் 2009இல் எடுத்துவிட்டார்கள், கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவர்கள் பெரும்பாலும் லைசன்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் காட்ட அந்த அட்டையே கிடையாது. ஆகவே உங்கள் நண்பர்கள் இருவருமே பாதி சரி. நீங்களாக அறிவிக்கும் கடமை இங்கே இல்லை. ஆனால் அட்டை கேட்காத ட்ராஃபிக் ஸ்டாப் என்று ஒன்று நடைமுறையில் இல்லவே இல்லை.

இதைப் படித்துவிட்டு “அப்படியானால் லைசன்ஸ் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு இடையில் ஒன்று. பள்ளிக்கூட எல்லையிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாநிலமே கொடுத்த லைசன்ஸ் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஊருக்குள் பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் ஏதாவது ஒரு பள்ளியைத் தாண்டித்தான் போவோம். லைசன்ஸைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாநில எல்லையைத் தாண்டினால் கணக்கு மாறும். மிச்சிகன், வட கரோலைனா, அலாஸ்கா போன்ற இடங்களில் அதிகாரி உங்களை நிறுத்திப் பேசத் தொடங்கியதும் நீங்களாகவே சொல்லியாக வேண்டும். மிச்சிகனில் சொல்லாமல் விட்டால் அபராதமும் லைசன்ஸ் நிறுத்தி வைப்பும் வரும். ஒஹையோவில் முன்பு அப்படி இருந்தது, 2022 ஜூனிலிருந்து கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்று மாற்றினார்கள். இன்னொரு விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம், ஏனென்றால் நியூ ஜெர்சியின் எடிசனில் சொந்தக்காரர் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் டெக்சாஸ் லைசன்ஸை ஏற்பதில்லை. அந்தப் பக்கம் காரில் போகிறீர்கள் என்றால் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் என் யோசனை. தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில், டிக்கியில் வைத்து மாநிலங்களைக் கடந்துபோக 1986ஆம் வருடக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது வைத்திருக்க அனுமதி உள்ள ஓர் இடத்திலிருந்து அனுமதி உள்ள இன்னோர் இடத்துக்குக் கடந்துபோகிறவருக்கான பாதுகாப்பு. போய்த் தங்குகிறவர் அதை நம்பிக்கொண்டு போகக் கூடாது.

சரி, கடமை இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டுமா? டெக்சாஸில் சொல்லிவிடுங்கள் என்பேன். இது சட்டமில்லை, என் கருத்து. காரணம் எளிது. உங்கள் டிரைவிங் லைசன்ஸ் எண்ணைத் தட்டினால் உங்களிடம் துப்பாக்கி லைசன்ஸ் இருப்பது அவர் திரையில் வந்துவிடும். அதைப் பார்த்த பிறகு, “ஏன் இவர் சொல்லவில்லை?” என்ற எண்ணத்தோடு அவர் திரும்பி வருவதைவிட, உங்கள் வாயிலிருந்தோ உங்கள் அட்டையிலிருந்தோ முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு அட்டைகளையும் ஒன்றாக, துப்பாக்கி லைசன்ஸ் மேலே இருக்கும்படி நீட்டுவதுதான் இங்கே பலரும் செய்யும் வழி. என் வகுப்புக்கு வந்த அதிகாரிகளில் பலர், அந்த அட்டையைப் பார்த்தால் நிம்மதி என்றே சொல்லியிருக்கிறார்கள். பின்னணிச் சோதனையில் தேறியவர் என்று அதற்கு அர்த்தம். எல்லா அதிகாரிக்கும் அப்படித் தோன்றும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன்.

உறுதி கொடுக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில், செயின்ட் பால் நகரை ஒட்டிய ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டில் என்பவரின் காரை நிறுத்தினார்கள். 32 வயது, ஒரு பள்ளியின் உணவகத்தில் மேற்பார்வையாளர், முறையான அனுமதி வைத்திருந்தவர். பக்கத்தில் அவருடைய தோழி, பின் இருக்கையில் தோழியின் நான்கு வயது மகள். அதிகாரி லைசன்ஸும் இன்சூரன்ஸும் கேட்டார். காஸ்டில் இன்சூரன்ஸைக் கொடுத்துவிட்டு, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்லியாக வேண்டும் என்று “சார்” போட்டு மரியாதையாகச் சொன்னார். அதை எடுக்காதே என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்றார் காஸ்டில். அடுத்த சில நொடிகளில் அதிகாரி அவரை நோக்கி ஏழு முறை சுட்டார். அந்த அதிகாரியை 2017 ஜூனில் ஜூரி குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. காஸ்டில் நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறதைத்தான் செய்தார். அவர் மேல் பழி போட எனக்கு மனம் வராது. பிழை சுட்டவர் பக்கம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த நிறுத்தத்தின் காணொளியை ஒவ்வொரு வகுப்பிலும் மனதில் வைத்துத்தான் பேசுகிறேன். ஏனென்றால் அதில் ஓர் இடைவெளி தெரிகிறது. “லைசன்ஸைக் கொடு” என்ற ஆணை ஒரு பக்கம், “துப்பாக்கியை எடுக்காதே” என்ற ஆணை மறுபக்கம். பர்ஸும் துப்பாக்கியும் உடம்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இந்த இரண்டு ஆணைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பர்ஸை நோக்கிப் போகும் கை, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துப்பாக்கியை நோக்கிப் போகும் கைதான்.

அதனால் வேலை போலீஸ் விளக்கு எரிவதற்கு முன்பே, வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. துப்பாக்கி வலது இடுப்பில் என்றால் பர்ஸ் வலது பின் பாக்கெட்டில் இருக்கக் கூடாது. சட்டைப் பையிலோ, நடுவில் இருக்கும் கப் ஹோல்டரிலோ, வெளியே தெரியும் இடத்தில் வையுங்கள். இன்சூரன்ஸ் காகிதத்தை வெயில் மறைப்பில் செருகி வையுங்கள், போனிலும் ஒரு நகல் இருக்கட்டும். டெக்சாஸில் போனில் காட்டினாலும் ஏற்பார்கள். வண்டிக் காகிதங்கள் இருக்கும் க்ளவ் பாக்ஸில் துப்பாக்கியை வைப்பது, என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு. இன்சூரன்ஸ் எடுக்கிறேன் என்று திறக்கிறீர்கள், டார்ச் வெளிச்சத்தில் அவர் முதலில் பார்ப்பது துப்பாக்கியின் பிடியை. டெக்சாஸில் காரில் துப்பாக்கி வெளியே தெரியும்படி இருந்தால் அது ஹோல்ஸ்டருக்குள் இருந்தாக வேண்டும், வெறுமனே இருக்கையில் போட்டு வைக்கக் கூடாது. அப்புறம் சீட் பெல்ட். அதைக் கழற்றக் கை போகும் இடம் இடுப்புதான். வண்டி நின்றதும் பழக்கத்தில் கழற்றிவிடாதீர்கள். அவர் இறங்கச் சொன்னால், “பெல்ட்டைக் கழற்றட்டுமா?” என்று கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

விளக்கு எரிந்ததும் இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் ஒதுங்குங்கள். இருட்டாக இருந்தால் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் வெளிச்சமான இடம் வரை மெதுவாகப் போகலாம், ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்துங்கள், உள்விளக்கைப் போடுங்கள், முன்பக்க ஜன்னல் இரண்டையும் இறக்குங்கள். நெடுஞ்சாலையில் பல அதிகாரிகள் போக்குவரத்துக்குப் பயந்து பயணி பக்கமாகத்தான் வருவார்கள். பிறகு இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் பக்கத்தில், விரல்களை விரித்து வைத்து, அப்படியே இருங்கள். அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடலாம் என்று குனிந்து தேடுவதுதான் நல்லவர்கள் செய்யும் தவறு. பின்னால் இருந்து பார்க்கிற அவருக்கு உங்கள் தோள் அசைவது மட்டும்தான் தெரியும். எதையோ ஒளிக்கிறார் அல்லது எதையோ எடுக்கிறார் என்றுதான் அவருக்குப் பயிற்சி சொல்லியிருக்கிறது.

வார்த்தைகளைப் பற்றி. “கன்” என்ற சொல்லை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். லாரி இரைச்சலில், நம் உச்சரிப்பில், அவர் காதில் அந்த ஒரு சொல் மட்டும் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். லைசன்ஸில் தொடங்குங்கள். எங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்யச் சொல்வது ஏறத்தாழ இப்படி: “ஆபீசர், ஐ ஹேவ் எ லைசன்ஸ் டு கேரி, அண்ட் ஐ ஆம் கேரியிங். இட் இஸ் ஆன் மை ரைட் ஹிப். மை வாலட் இஸ் இன் மை ஷர்ட் பாக்கெட். ஹௌ வுட் யூ லைக் மீ டு ப்ரொசீட்?” மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் மூச்சு விட்டு. சொல்லும்போது இடுப்பைக் கையால் சுட்டிக் காட்டாதீர்கள். இது நம்மவர்களுக்குக் கஷ்டம், பேசும்போது கை தானாகப் போகும். தலையாட்டலும் அப்படியே. நாம் “சரி” என்று பக்கவாட்டில் ஆட்டுவதை அவர் “இல்லை” என்று எடுத்துக்கொள்ளலாம். யெஸ், நோ என்று வாயால் சொல்லுங்கள். வீட்டில் மனைவியை அதிகாரியாக வைத்து நாலைந்து தடவை சொல்லிப் பாருங்கள், அவருக்கும் பயம் குறையும்.

அதற்குப் பிறகு ஓட்டுகிற கை அவருடையது, உங்களுடையது இல்லை. பெரும்பாலும் “சரி, நீங்கள் அதைத் தொடாதீர்கள், நானும் என்னுடையதைத் தொடவில்லை” என்பது போல ஏதாவது சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அவர் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால், அசையாமல் இருக்கச் சொன்ன ஆணையைப் பிடித்துக்கொள்ளுங்கள். “நான் அசையவில்லை. அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. நான் எடுக்கட்டுமா, நீங்கள் எடுக்கிறீர்களா?” என்று கேளுங்கள். பதில் வரும் வரை கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும். தாமதமானால் அவர் எரிச்சல்படுவார், பரவாயில்லை. துப்பாக்கியைக் கொடுங்கள் என்று கேட்டால் நீங்களாக உருவி நீட்டவே கூடாது. “நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நான் கையை அசைக்க மாட்டேன்” என்று சொல்வதுதான் இருவருக்கும் பத்திரம். டெக்சாஸில் 411.207 பிரிவுப்படி, பாதுகாப்புக்குத் தேவை என்று நியாயமாக நம்பினால் அவர் உங்கள் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஆபத்தில்லை, கைது செய்யவும் காரணமில்லை என்றால் அங்கிருந்து உங்களை அனுப்புவதற்கு முன் திருப்பித் தர வேண்டும்.

வண்டியை விட்டு இறங்கச் சொல்லலாமா? சொல்லலாம், இதில் சந்தேகம் இல்லை. 1977இல் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே நம் விஷயத்துக்குப் பக்கத்தில் இருப்பது. ஃபிலடெல்ஃபியாவில் காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக நிறுத்தி இறங்கச் சொன்னார்கள், இறங்கியபோது கோட்டுக்கு அடியில் ஒரு புடைப்பு, தடவிப் பார்த்தால் ரிவால்வர். கூட வருகிறவர்களையும் இறங்கச் சொல்லலாம் என்று 1997இல் மேரிலாந்து எதிர் வில்சன் வழக்கு சேர்த்தது. ஆகவே இறங்கச் சொன்னால் காரணம் கேட்டு வாதாடாதீர்கள்.

லைசன்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கிறார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை உடம்பு தடவிச் சோதிக்கலாமா என்பது சந்தேகமான பகுதி. உச்ச நீதிமன்றத்தின் 1968ஆம் வருட டெர்ரி தீர்ப்பு, ஆயுதம் வைத்திருக்கிறார், ஆபத்தானவர் என்ற இரண்டையும் சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும் என்றது. மேற்கு வர்ஜீனியா வழக்கு ஒன்றில் 2017இல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்களைச் சேர்த்து ஒரு வட்டம், அதற்கான கூட்டாட்சி நீதிமன்றம்), முறையாக நிறுத்தப்பட்டவரிடம் ஆயுதம் இருப்பதே ஆபத்துதான், லைசன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதிக்கலாம் என்று சொல்லிவிட்டது. 2015இல் ஒஹையோ வழக்கில் ஆறாம் வட்டம் வேறு திசையில் பேசியது. மாநிலமே அனுமதித்த ஒன்றைச் செய்வதை மட்டும் வைத்து ஒருவரை ஆபத்தானவர் என்று தடுத்து நிறுத்த முடியாது என்றது. துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்ட அதிகாரி அதன் வரிசை எண்ணைப் பதிவில் தேடலாமா என்பதிலும் இதே மாதிரி இழுபறி. 1987இல் ஒரு வழக்கில், வீட்டுக்குள் இருந்த ஸ்டீரியோவை நகர்த்தி எண்ணைப் பார்த்ததே தனிச் சோதனை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து வக்கீல்கள் வாதாடுகிறார்கள். இந்த வாதங்களுக்கு இடம் நீதிமன்றம். இருட்டில், சாலையோரத்தில், இடுப்பில் துப்பாக்கியோடு நின்றுகொண்டு நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்தைப் பற்றி விவாதம் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பணிந்து போவது வேறு, சம்மதம் கொடுப்பது வேறு. “காரைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டால், அது கேள்வி. “ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச், ஆபீசர்” என்று சாந்தமாக ஒரு தடவை சொல்லலாம், சொல்வது உங்கள் உரிமை. அதையும் மீறி அவர் தேடினால் தடுக்காதீர்கள், சொன்னது பதிவாகியிருக்கும், அது போதும். ஆயுதம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்து, நீங்கள் ஆபத்தானவர் என்று நம்ப நியாயமான காரணமும் இருந்தால், பயணிகள் பகுதியில் ஆயுதத்துக்காக மட்டும் தேட 1983ஆம் வருட மிச்சிகன் எதிர் லாங் தீர்ப்பு இடம் கொடுக்கிறது. வெறும் அபராதச் சீட்டு எழுதியதற்காக முழு வண்டியையும் கிளற முடியாது என்று 1998இல் தீர்ப்பு உண்டு. சீட்டு வேலை முடிந்த பிறகு மோப்ப நாய்க்காகக் காத்திருக்க வைக்க முடியாது என்று 2015இல் ரொட்ரீகஸ் வழக்கில் சொன்னார்கள். “நான் போகலாமா?” என்று கேட்பதற்கு உங்களுக்குத் தடை எதுவும் இல்லை.

இப்போது காரில் இருக்கும் மற்றவர்கள். இதைத்தான் நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள். தமிழ்நாட்டில் போலீஸ் வண்டியை மறித்தால் இறங்கி, காகிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, அதிகாரி நிற்கும் இடத்துக்குப் போவதுதான் மரியாதை. அப்பாவுக்கு அதுதான் பழக்கம். இங்கே வண்டி நின்றதும் மகனுக்கு உதவலாம் என்று கதவைத் திறந்து இறங்கினால், அந்த அதிகாரியின் கை எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா பதறிப்போய்க் கைப்பையில் பாஸ்போர்ட்டைத் தேடத் தொடங்குவார். ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவரும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: போலீஸ் நிறுத்தினால் இறங்கக் கூடாது, எதையும் தேடக் கூடாது, கை மடியில் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும், நான் மட்டும்தான் பேசுவேன். நீங்களும் அந்த நேரத்தில் அவர்களிடம் திடீரென்று தமிழில் பேசாதீர்கள். பேசியாக வேண்டும் என்றால், “என் பெற்றோருக்கு ஆங்கிலம் வராது, அமைதியாக இருக்கச் சொல்லப் போகிறேன்” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள். பின்னால் குழந்தைகள் இருந்தால் “அப்பாகிட்ட கன் இருக்கு” என்று அவர்கள் முந்திக்கொள்வதற்குள் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. இதுவும் முதலிலேயே சொல்லச் சொல்வதற்கு ஒரு காரணம்.

கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கினேன் என்று எழுதியிருந்தீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எச்1பி (வேலை), எச்4 (அவர் குடும்பம்), எஃப்1 (படிப்பு), பி2 (சுற்றுலா) என்று குடியேற்றம் அல்லாத விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, அதில் சில விலக்குகள் மட்டும் உண்டு. அந்த விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ். எச்1பி நண்பர்கள் சிலர் அதை எடுத்துக்கொண்டு துப்பாக்கி வாங்குகிறார்கள், சட்டத்தில் அந்த வழி இருப்பது உண்மைதான். ஆனால் வேட்டை லைசன்ஸ் காலாவதியான மறுநாள் ஒரு ட்ராஃபிக் ஸ்டாப்பில் அந்தத் துப்பாக்கி வெளிப்பட்டால், அபராதச் சீட்டு வாங்க நின்றவர் கூட்டாட்சிக் குற்றத்தில் நிற்பார். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்திலேயே இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவரையும் அது விடாது. இந்த நிலையில் இருப்பவர்கள் குடியேற்ற வக்கீலிடம் எழுத்தில் ஆலோசனை வாங்காமல் துப்பாக்கியைத் தொட வேண்டாம். உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. காரில் துப்பாக்கியை விட்டுவிட்டு, பி2 விசாவில் வந்த அப்பாவை உள்ளே உட்கார வைத்துக் கடைக்குள் போகாதீர்கள். அது யார் வசம் இருந்தது என்ற கேள்வி வரும்.

மனைவியின் கேள்விக்கு வருகிறேன். நிறம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ பத்துக் கோடி ட்ராஃபிக் ஸ்டாப்புகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். இருட்டிய பிறகு, ஓட்டுகிறவர் முகம் தெரியாதபோது, நிறுத்தப்படுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைவதை அதில் காட்டினார்கள். வெளிச்சத்தில் நிறம் வேலை செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள். இது கறுப்பினத்தவரைப் பற்றிய முடிவு, இதை அப்படியே நம்மவர்களுக்கு நீட்டி நான் பேச மாட்டேன். என் வகுப்புக்கு வந்த தமிழர்கள், தெலுங்கர்கள், குஜராத்திகள் திரும்பி வந்து சொன்ன அனுபவங்கள் பெரும்பாலும் சாதாரணமாக முடிந்தவை. ஆனால் கதை சொல்லத் திரும்பி வருகிறவர்கள் சொல்வதை மட்டும் வைத்து உலகத்தை எடை போட முடியாது. உங்கள் மனைவியிடம் நான் சொல்வது: இந்த நடைமுறைகள் ஆபத்தைக் குறைக்கும், ஒன்றுமில்லாமல் ஆக்காது. துப்பாக்கியே இல்லாமல் போனால் அந்த ஒரு ஆபத்து இல்லை என்பதும் உண்மை. தினமும் கட்டிக்கொண்டு போக வேண்டுமா என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சில் எனக்கு இடமில்லை. எடுத்துக்கொண்டு போகிற நாளில் ஒரு சொட்டு மதுவும் கூடாது என்பதில் மட்டும் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கடைசியாக, நிறுத்தம் முடிந்த பிறகு நடப்பது. துப்பாக்கியை வாங்கி வைத்திருந்தால், பல அதிகாரிகள் தோட்டாக்களைத் தனியாகக் கழற்றி, துப்பாக்கியை டிக்கியிலோ பின் இருக்கையிலோ வைத்துவிட்டு, “நான் கிளம்பிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். அவர் கண்ணெதிரே தோட்டா போட்டுப் பார்க்காதீர்கள். அவர் வண்டி போன பிறகு பத்திரமான ஓர் இடத்தில் நிறுத்திச் சரிசெய்யுங்கள். நடந்தது முறையில்லை என்று தோன்றினால், அன்றைக்கே தேதி, நேரம், சாலை பெயர், அதிகாரியின் பெயர் அல்லது வண்டி எண் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். டெக்சாஸில் உடல்கேமராப் பதிவைக் கேட்டு விண்ணப்பிக்க ஏறத்தாழ நேரம், சரியான இடம், பதிவில் இருக்கும் ஒருவருடைய பெயர் ஆகியவை வேண்டும். அதிகாரி மேல் புகார் என்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். போனில் திட்டுவது கணக்கில் வராது. புகாரை அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், குறிப்பாக அபராதச் சீட்டோ வழக்கோ இன்னும் நிலுவையில் இருந்தால்.